இரண்டு பூட்டுப் போட்ட வீடு

அக்டோபர் கடைசியில் அடித்த புயல் எங்கள் காயல் வீட்டைக் கொண்டுபோய்விட்டது என்று எனக்கு யாரும் வந்து சொல்ல வேண்டியிருக்கவில்லை. நான் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள். புயலுக்குப் பிறகு பள்ளி திறந்த அன்று காலை, பிள்ளைகளை இறக்கிவிடும்போது மைதானத்து வேலியில் ஒரு கூரைத் தகடு மாட்டிக்கொண்டிருந்தது. ஆரஞ்சு நிறம். படகுகளுக்கு அடித்து மிஞ்சிய பெயிண்டை எங்கள் அப்பா கூரைக்கு அடித்திருந்தார். லாங் ஐலண்டின் தென்கரை முழுக்கத் தேடினாலும் அந்த நிறத்தில் வேறு கூரை கிடையாது.

தம்பி டுவைட்டைப் போனில் கூப்பிட்டேன். அவன் படகு எஞ்சின் பழுது பார்க்கிறவன்.

"வீடு போச்சுடா" என்றேன்.

"தெரியும். வாசப்படி இங்க துறையில வந்து கெடக்கு. நம்ம பூட்ஸ் சுரண்டுற இரும்பு அதுல அப்படியே இருக்கு."

வீடு என்று நாங்கள் சொல்வது ஒரே அறைதான். காயலுக்கு நடுவே உப்புப்புல் வளர்ந்த சதுப்புத் திட்டில், மரக்கால்கள் மேல் நிற்கும். வாத்து வேட்டைப் பருவத்தில் அங்கே தங்குவோம். கோடையில் மட்டி தோண்டப் போகும்போது நிழலுக்கு ஒதுங்குவோம். அவ்வளவுதான். ஆனால் அந்த அவ்வளவுக்கும் ஒரு விதி இருந்தது. திட்டுகளில் புதிதாக வீடு கட்ட நகராட்சி யாரையும் விடாது. இருக்கிற வீட்டை இருக்கிறவரை வைத்துக்கொள்ளலாம். வீடு போனால் இடத்துக்கான அனுமதியும் போய்விடும். வேட்டைப் பருவம் தொடங்குவதற்கு முன்னால் ஓர் அதிகாரி படகில் வந்து எந்தெந்த இடத்தில் வீடு நிற்கிறது என்று பார்த்துக் குறித்துக்கொண்டு போவார்.

காற்று அடங்கிய முதல் சனிக்கிழமை, மிச்சம் மீதி ஏதாவது கிடைக்குமா என்று நானும் டுவைட்டும் படகில் கிளம்பினோம். திட்டு கண்ணுக்குத் தெரிய ஆரம்பித்ததும் டுவைட் எஞ்சினை அணைத்துவிட்டான்.

"ஹெட்டி, நம்ம எடத்துல ஒரு வீடு நிக்குது."

நின்றது. அது எங்கள் வீடு அல்ல. சாம்பல் பூத்த மரச்சில்லுச் சுவர், தகரப் புகைக்குழாய், பச்சைக் கதவு. எங்கள் வீட்டின் கதவு தெற்கே கடலைப் பார்த்திருந்தது. இதன் கதவு வடக்கே ஊரைப் பார்த்திருந்தது. எங்கள் வீடு இருந்த மரக்கால்கள் முறிந்து நின்ற இடத்தில், யாரோ அவசரமாகத் தலையில் வைத்த தொப்பி மாதிரி ஒரு பக்கம் சாய்ந்து உட்கார்ந்திருந்தது. எங்களுடையதைக் கொண்டுபோன அதே வெள்ளம் எங்கிருந்தோ இதைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போயிருக்கிறது.

கதவில் பூட்டு தொங்கியது. கிட்டே போய்ப் பார்த்தால் ஒன்றல்ல, இரண்டு பூட்டுகள். ஒன்றோடு ஒன்று கோத்துப் போட்டிருந்தார்கள். எந்தப் பூட்டைத் திறந்தாலும் கதவு திறக்கும். இரண்டு ஆட்கள், இரண்டு சாவிகள். ஒருவர் தயவு இல்லாமல் மற்றவர் உள்ளே போய்வரலாம்.

ஜன்னலில் ஒரு கண்ணாடி உடைந்திருந்தது. கையை விட்டுக் கொக்கியைத் தள்ளி ஏறிக் குதித்தேன். டுவைட் பின்னாலேயே வந்தான்.

உள்ளே நாங்கள் கண்டது இன்றைக்கும் என் கண்ணில் அப்படியே இருக்கிறது. தரைப் பலகையின் நடுவே கதவிலிருந்து அடுப்பு வரைக்கும் ஒரு வெள்ளைக் கோடு. பெயிண்டில், நூல் பிடித்து இழுத்த மாதிரி. கோட்டுக்கு இந்தப் பக்கம் ஒரு கட்டில், அந்தப் பக்கம் ஒரு கட்டில். இரண்டு கெட்டில், இரண்டு வாணலி, இரண்டு துடைப்பம். நடுவில் இருந்த மேசையை ரம்பத்தால் இரண்டாக அறுத்து, ஒவ்வொரு பாதியும் விழாமல் இருக்கப் புதிதாகக் கால்கள் அடித்திருந்தார்கள். அடுப்பு மட்டும் ஒன்று. அதை அறுக்க முடியாது.

வீடு சாய்ந்ததில் இடது பக்கத்துச் சாமான் எல்லாம் கோட்டைத் தாண்டி வலது பக்கம் சரிந்து குவிந்து கிடந்தது. அந்தக் குவியலில்தான் மரவாத்துகள் இருந்தன. தண்ணீரில் மிதக்கவிட்டு, மேலே பறக்கிற நிஜ வாத்துகளை இறங்கச் சொல்லும் பொம்மைகள். ஒரு வகை கார்க்கில் செய்தது. தடித்து, கழுத்துக் குறுகி, ஒவ்வொன்றும் முறைத்துக்கொண்டிருந்தது. இன்னொரு வகை தேவதாரு மரம். மெலிந்து நீண்டு, அவற்றில் பாதிக்குமேல் தலையை முதுகில் புதைத்துத் தூங்கிக்கொண்டிருந்தன. இரண்டையும் ஒரே கை செய்திருக்க வாய்ப்பில்லை.

உத்தரத்தில், கோட்டுக்கு நேர் மேலே ஓர் ஆணி. ஆணியில் ஒரு சிறிய அலுமினிய வளையம். பறவைகளை ஆராய்கிறவர்கள் வாத்துக் காலில் மாட்டிவிடும் எண் போட்ட வளையம். புயலிலும் அது விழவில்லை.

"புருஷன் பொண்டாட்டியா இருக்கும்" என்றான் டுவைட்.

"புருஷன் பொண்டாட்டின்னா ஒருத்தர் பெட்டியக் கட்டிட்டுப் போயிருப்பாங்க. மேசைய அறுக்க மாட்டாங்க."

"அப்ப அக்கா தம்பி."

"நீ அறுப்பியா?"

"மேசைய ஏன் அறுக்கறேன்? உன்னத் தூக்கித் தண்ணியில போட்டா வேல முடிஞ்சுது." அவன் சுவரைத் தட்டிப் பார்த்தான், கூரையை அண்ணாந்து பார்த்தான். முகம் மலர்ந்துகொண்டே போனது. "நல்ல கட்டு, ஹெட்டி. நம்மளோடதவிட நல்ல கட்டு. நாளைக்கே கூரைக்கு ஆரஞ்சு அடிச்சிடறேன். அதிகாரி வந்தா என்ன பாப்பாங்க? கெச்சம் குடும்பத்து எடத்துல கெச்சம் குடும்பத்து வீடு."

"யாரோடதுன்னு தெரிய வேண்டாமா?"

"தெரிஞ்சா திருப்பிக் குடுக்கணும். அதனாலதான் தெரிய வேண்டாங்கறேன்."

அவன் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் எனக்கு வீட்டைவிட அந்தக் கோடுதான் மனதைக் குடைந்தது. கோடு போட்டுப் பிரித்துக்கொள்ளும் அளவுக்கு என்ன நடந்திருக்கும்? அவ்வளவு ஆன பிறகும் ஏன் இரண்டு பேரும் இதே வீட்டுக்கு வந்துகொண்டிருந்தார்கள்? குவியலிலிருந்து கார்க் வாத்து ஒன்றையும் தேவதாரு வாத்து ஒன்றையும் எடுத்து என் குளிர்கோட்டுப் பைக்குள் செருகிக்கொண்டேன். டுவைட் பார்த்தான். பார்க்காத மாதிரி திரும்பிக்கொண்டான்.

திங்கட்கிழமை காலை பேருந்து வேலை முடிந்ததும் துறைமுனையில் இருக்கும் தூண்டில் கடைக்குப் போனேன். காயல்காரர்கள் காபி குடிக்கக் கூடும் இடம். கார்க் வாத்தை மேசையில் வைத்தேன். ஒருவர் கையில் எடுத்து அடியைத் திருப்பிப் பார்த்தார்.

"போர்க்காலத்துக் கடற்படைத் தெப்பத்துல இருந்து வெட்டுன கார்க்கு. டட்ஹில் கேப்டன் வேல. வேற யாரும் வாத்துக்கு இவ்வளவு கோவம் வர வெக்க மாட்டாங்க."

தேவதாரு வாத்தையும் பக்கத்தில் வைத்தேன். எல்லாரும் ஒரே நேரத்தில் காபி குடித்தார்கள்.

"இது யாரோடது?"

"அத நீ கேப்டன்கிட்டயே கேளு" என்றார் ஒருவர். "ஆனா வண்டி சாவிய கையில வெச்சிக்கிட்டுக் கேளு."

எல்வுட் டட்ஹில் வெகுகாலம் கடல்தீவுக்குப் போகும் பயணிகள் படகை ஓட்டி ஓய்வு பெற்றவர். நெட்டையான மனிதர். நான் போனபோது கொட்டகையில் விலாங்கு மீன் பிடிக்கும் கூடு பின்னிக்கொண்டிருந்தார். இரண்டு வாத்துகளையும் நீட்டினேன். தன்னுடையதை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். மற்றதைத் தொடவில்லை.

"எங்க வெச்சிருக்கான்?" என்றார்.

"யாரு, கேப்டன்?"

"அவன்தான். புயல சாக்கா வெச்சு வீட்ட இழுத்துட்டுப் போயிருக்கான். நண்டுத் திட்டுல போய்ப் பாத்தேன், மரக்கால் மட்டும் நிக்குது. அன்னிக்கே தெரியும் எனக்கு."

"யாரும் இழுக்கல. வெள்ளம் தூக்கிட்டு வந்து எங்க எடத்துல வெச்சிருக்கு. அந்த அலையில யாரால வீட்ட இழுக்க முடியும்?"

"உனக்கு அவனத் தெரியாது, பொண்ணு."

"அவர் யாருன்னு சொன்னாத்தான் தெரியும்."

அவர் கூட்டைக் கீழே வைத்தார். "என் தங்கச்சியப் போய்க் கேளு. அவதான் அவனக் கட்டிக்கிட்டா."

தங்கை ஃபெர்ன். அவள் கணவர் ஐரா மன்சி. பெரிய தெருவில் கறிக்கடை வைத்திருந்தவர். சின்ன வயதில் நானே அவர் கடையில் இறைச்சி வாங்கியிருக்கிறேன். குட்டையான, சுத்தமான, மெதுவாகப் பேசும் ஆள். அவரா மேசையை அறுத்தார் என்று நம்ப முடியாமல்தான் அவர் வீட்டுக் கதவைத் தட்டினேன்.

சமையலறை மேசையில் தேவதாரு வாத்தைப் பார்த்ததும் ஐரா நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"எரிச்சிட்டான்னு நெனச்சேன்" என்றார். "புயலுக்கு அடுத்த நாள் போய்ப் பாத்தேன், வீடு இல்ல. சரி, புயல் மேல பழியப் போட்டுட்டு எரிச்சிட்டான்னு நெனச்சேன்."

"மழை வெள்ளத்துல எப்படி எரிப்பாரு?"

"உனக்கு அவனத் தெரியாதும்மா."

ஃபெர்ன் அடுப்புக்கு அருகே நின்று டர்னிப் கிழங்கு நறுக்கிக்கொண்டிருந்தாள். திரும்பவில்லை. ஆனால் கத்திச் சத்தம் நின்றது.

ஐரா சொன்னது இதுதான். அவரும் எல்வுட்டும் பள்ளி நாளிலிருந்து கூட்டாளிகள். வீட்டை இரண்டு பேரும் சேர்ந்துதான் வாங்கினார்கள். எல்வுட்டின் தங்கையை ஐரா கட்டியதே அந்தச் சிநேகத்தில்தான். ஒரு டிசம்பர் காலையில் இரண்டு பேரும் ஒரே படகில், புல் மூடிப் படுத்திருந்தபோது ஒற்றைக் கருவாத்து ஒன்று தாழ்வாக வந்தது. இரண்டு துப்பாக்கியும் ஒரே நொடியில் வெடித்தன. வாத்து விழுந்தது. எடுத்துப் பார்த்தால் காலில் வளையம்.

"வளையம் போட்ட வாத்து வாழ்நாள்ல ஒரு தடவ கெடைச்சாலே பெரிசு. நான் சுட்டேன். எனக்குத் தெரியாதா நான் சுட்டது? கிரீன்லாந்துல இருந்து வந்த பறவை அது, பாத்தாலே தெரியும். அவன் என்னடான்னா தான் சுட்டதுங்கறான், ஹட்சன் விரிகுடாப் பறவைங்கறான். யாரு சுட்டதுன்னு முடிவாகற வரைக்கும் யாரும் தொடக்கூடாதுன்னு ஆணியில மாட்டினோம். முடிவாகல."

"அதுக்கப்புறம்?"

"அதுக்கப்புறம் பேசல. ஒரு வாரம் அவன், ஒரு வாரம் நான்."

"வித்துட்டுப் பிரிஞ்சிருக்கலாமே, மிஸ்டர் மன்சி?"

அவர் என்னை விநோதமாகப் பார்த்தார். "வித்தா வீடு போயிடுமே."

"பதினேழு வருஷம்" என்றாள் ஃபெர்ன், சுவரைப் பார்த்துக்கொண்டே. "நன்றித் திருநாளுக்கு ஒரே மேசையில உக்காருவாங்க. 'ஃபெர்ன், உங்க அண்ணன உப்ப இந்தப் பக்கம் தள்ளச் சொல்லு.' 'ஃபெர்ன், உன் புருஷன்கிட்ட உப்பு அவன் கைக்குப் பக்கத்துலயே இருக்குன்னு சொல்லு.' நான் சொல்லுவேன்."

அவள் என்னை வண்டிவரைக்கும் கொண்டுவந்து விட்டாள். எனக்கு ஒரு சந்தேகம். கேட்டுவிட்டேன்.

"அந்த வாத்து என்ன ஆச்சு, ஃபெர்ன்? வளையம் ஆணியில. வாத்து?"

அவள் முன்கதவைத் திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"நான்தான் சமைச்சேன். இறகு பறிச்சு, தோலுக்கடியில சிதறியிருந்த ஈயக் குண்ட எல்லாம் கத்தி மொனையால எடுத்தேன். எங்க அண்ணன் எப்பவும் பெரிய குண்டு போட்டுச் சுடுவாரு. இவரு சின்னக் குண்டு. அந்த வாத்துக்குள்ள ரெண்டும் இருந்துச்சு."

நான் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றேன். "இத்தன வருஷமா ஏன் சொல்லல?"

"யாரும் கேக்கலையே. ரெண்டு பேரும் நான் சுட்டேன் நான் சுட்டேன்னு எங்கிட்ட சொன்னாங்க. ஒருத்தனாவது, ஃபெர்ன், நீ என்ன பாத்தேன்னு கேக்கல. முதல் வருஷம் காத்துக்கிட்டிருந்தேன், கேக்கட்டும்னு. அப்புறம் கோவம் வந்துச்சு. அப்புறம் பழகிடுச்சு." வண்டிக் கதவருகே நின்றவள், "நீதான் கேட்டே. வேணும்னா அவங்ககிட்ட சொல்லிக்கோ. ஆனா நான் பக்கத்துல இருக்க மாட்டேன்" என்றாள்.

டுவைட்டிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவன் ஸ்பேனரைக் கீழே போட்டான்.

"ஒருத்தர்கிட்ட சொன்னா பத்தாதா? ரெண்டு பேர்கிட்டயும் சொல்லிட்டு வந்திருக்கே. இப்ப நம்ம சேத்துல நிக்கிற வீட்டுக்கு ரெண்டு சொந்தக்காரன். அதுவும் பேசிக்காத சொந்தக்காரன்."

"திருடுன வீட்டுல படுத்தா எனக்குத் தூக்கம் வராது."

"எனக்கு நல்லா வரும்" என்றான். ஆனால் அன்று மாலை அவனே தன் கடைத் தொலைபேசியிலிருந்து இரண்டு கிழவர்களுக்கும், அதிகாரி எந்த நாளில் வருகிறார் என்று சொன்னான். ஏன் சொன்னாய் என்றதற்கு, "வந்து சாமானயாவது எடுத்துட்டுப் போகட்டும்" என்று முணுமுணுத்தான்.

அதிகாரி வந்த நாளில் டுவைட் கூரைமேல் இருந்தான். மனம் கேட்காமல் பாதிக் கூரைக்கு ஆரஞ்சு அடித்திருந்தான். மிச்சப் பாதிக்கு முன்னால் நகராட்சிப் படகு வந்துவிட்டது. இறங்கியவர் மிஸ் ஃபெராண்டே, அந்த வருஷம்தான் வேலைக்குச் சேர்ந்தவர். காற்றில் படகு ஆடியதில் முகம் வெளுத்திருந்தது. ஒரு நிமிடம் புல்லைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டுத்தான் பேசினார். அதற்குள் மேற்கிலிருந்து எல்வுட்டின் படகும் கிழக்கிலிருந்து ஐராவின் படகும் வந்து திட்டின் இரண்டு முனைகளில் ஒதுங்கின.

"இது யாரோட வீடு?" என்று கேட்டார் மிஸ் ஃபெராண்டே.

"எங்களோடது" என்றான் டுவைட் கூரையிலிருந்து.

"என்னோடது" என்றார் எல்வுட்.

"என்னோடது" என்றார் ஐரா.

அவர் மூவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "நீங்களும் ஏதாவது சொல்லணுமா?"

நான் நடந்ததை நடந்தபடி சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார். வீட்டை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்து, கோட்டைப் பார்த்து, அறுத்த மேசையைப் பார்த்து, ஒன்றும் கேட்கவில்லை.

"சங்கடமான விஷயம்" என்றார். "இந்த எடத்துக்கு உங்க பேர்ல அனுமதி இருக்கு, வீடு இல்ல. இவங்களுக்கு வீடு இருக்கு, அது நிக்கிற எடத்துக்கு அனுமதி இல்ல. நண்டுத் திட்டுல எடம் இருக்கு, அங்க வீடு இல்ல. விதிப்படி பாத்தா இது வீடே இல்ல, புயல்ல ஒதுங்குன குப்பை. அத அகத்தச் சொல்லணும். ரெண்டு அனுமதியும் ரத்தாகும்."

டுவைட் கூரையிலிருந்து இறங்கினான். யாருக்கும் தெரியாமல் விட்டிருந்தால் வீடாவது மிஞ்சியிருக்குமே என்று டுவைட் நினைக்கிறான் என்பது அவன் என்னைப் பார்க்காததிலேயே தெரிந்தது.

"ஒரு வழி இருக்கு" என்றார் மிஸ் ஃபெராண்டே. "ஒரே அனுமதியில எத்தன பேர் வேணாலும் சேரலாம். நீங்க நாலு பேரும் கூட்டாளின்னு கையெழுத்துப் போட்டா, எடமும் உங்களோடது, வீடும் உங்களோடது. மரக்கால் மட்டும் சரி பண்ணணும். ஆனா எல்லாரும் மனசார ஒத்துக்கணும். பின்னால வழக்கு கிழக்குன்னு எங்கிட்ட வரக்கூடாது."

"எங்களுக்குச் சம்மதம்" என்றேன். டுவைட் தலையாட்டினான்.

எல்வுட் என்னைப் பார்த்துச் சொன்னார்: "அவனுக்குச் சம்மதமான்னு கேளு."

ஐரா இரண்டடி தள்ளி நின்றிருந்தார். "அவன் ஒத்துக்கிட்டா நான் ஒத்துக்கறேன்னு சொல்லும்மா."

"முதல்ல அவன் சொல்லட்டும்னு சொல்லு."

மிஸ் ஃபெராண்டே குழம்பிப்போனார். "அவர் இங்கதானே நிக்கறார்? அவர்கிட்டயே சொல்லுங்களேன்."

இரண்டு பேரும் காயலைப் பார்த்தார்கள். தண்ணீர் வற்றிக்கொண்டிருந்தது, இன்னும் கொஞ்ச நேரம் போனால் நகராட்சிப் படகு சேற்றில் உட்கார்ந்துவிடும். மிஸ் ஃபெராண்டேயும் கடிகாரத்தைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார். எனக்குப் பொறுக்கவில்லை.

"அந்த வாத்துக்குள்ள ரெண்டு வகைக் குண்டும் இருந்துச்சு" என்றேன். "பெரிசும் சின்னதும். சமைக்கும்போது ஃபெர்ன் எடுத்தாங்களாம். ரெண்டு பேரும்தான் சுட்டீங்க."

எல்வுட்டின் கழுத்து சிவந்தது. ஐரா தொப்பியைக் கழற்றி உள்ளே பார்த்துவிட்டு மறுபடி போட்டுக்கொண்டார். அழப்போகிறார்களா, அடித்துக்கொள்ளப் போகிறார்களா என்று எனக்குத் தெரியவில்லை. தெரிந்துகொள்ள வேண்டும் என்று இருந்தது. ஓடிவிடலாம் என்றும் இருந்தது.

எல்வுட் திரும்பி ஐராவின் முகத்தை நேராகப் பார்த்தார்.

"பெரிய குண்டு எத்தன இருந்துச்சாம்?"

"அத எதுக்குக் கேக்கறே?" என்றார் ஐரா. "சின்னக் குண்டுதான் நெறைய இருந்திருக்கும்."

"நெறைய இருந்தா ஆச்சா? உன் சின்னக் குண்டு தோலத் தாண்டாது. வாத்து என் குண்டுலதான் விழுந்துச்சு."

"உன் குண்டு வாலுல பட்டிருக்கும். நீ எப்பவும் பின்னாலதான் சுடுவே. பள்ளிக்கூடத்துல இருந்தே."

"நானா? லூன் பறவைய வாத்துன்னு சுட்டது யாரு?"

"அது பனிமூட்டம். அத நீ இன்னும் விடலையா?"

டுவைட் என் காதருகே, "ஐயோ, இவங்க பேசாம இருந்ததே தேவல" என்றான். மிஸ் ஃபெராண்டே தாளையும் பேனாவையும் அவர்களுக்கு நடுவே நீட்டினார். பேச்சை நிறுத்தாமலே எல்வுட் கையெழுத்துப் போட்டார். அவர் முதுகையே பலகையாக வைத்துக்கொண்டு ஐரா போட்டார்.

அடுத்த இரண்டு வாரமும் வேலை. ஜாக்கி வைத்து ஒவ்வொரு மூலையாக வீட்டைத் தூக்கி, புதுக் கால்களைச் சேற்றில் இறக்கினோம். ஐரா கணக்குச் சொல்வார், எல்வுட் மறுப்பார், டுவைட் இரண்டையும் கேட்காமல் தனக்குத் தோன்றியபடி செய்வான். வீடு நிமிர்ந்தது. நண்டுத் திட்டுக் காலி இடத்தை எல்வுட்டும் ஐராவும் கடைசியாக ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு வந்தார்கள். ஒரே படகில் போனார்கள். எல்வுட்டின் எஞ்சின் மக்கர் செய்கிறது என்று காரணம் சொன்னார்கள். அந்த எஞ்சினை டுவைட் முந்தின வாரம்தான் சரிசெய்து கொடுத்திருந்தான். அவன் வாயைத் திறக்கவில்லை.

பருவம் தொடங்குவதற்கு முந்தின நாள் மதியம் ஃபெர்ன் வந்தாள். அத்தனை வருஷத்தில் அவள் அந்த வீட்டுக்குள் கால் வைத்ததே இல்லை. பெண்கள் வரக்கூடாது என்று யாரும் சொன்னதில்லையாம். வா என்றும் யாரும் சொன்னதில்லை. நான் சொன்னேன், வந்தாள். பானை நிறைய மட்டி சூப்பு கொண்டுவந்தாள். வாசலில் நின்று அறையை நிதானமாகப் பார்த்தாள். கட்டில்கள், கெட்டில்கள், பாதி மேசைகள்.

"இதுக்குத்தானா?" என்றாள். அவ்வளவுதான்.

சூப்பு குடிக்கும்போது எல்வுட்டுக்குப் பழைய ஞாபகம் வந்தது. ஹட்சன் விரிகுடாவிலிருந்து அவ்வளவு தூரம் பறந்துவந்த பறவை என்று ஆரம்பித்தார். கிரீன்லாந்து என்று ஐரா திருத்தினார். ஃபெர்ன் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"ஆணியில மாட்டுறதுக்கு முன்னால அந்த வளையம் ரெண்டு நாள் என் சமையலறை ஜன்னல்ல கெடந்துச்சு. எண்ணக் குறிச்சு வளையம் போட்ட ஆபீசுக்கு எழுதினேன். பதில் வந்துச்சு. உங்க படகுத்துறைக்குப் பின்னால ஒரு குளம் இருக்கே, அதுல அந்த மாசம்தான் காலேஜ் பிள்ளைங்க புடிச்சு மாட்டியிருக்காங்க. நீ தெனம் காலையில மிச்ச ரொட்டி போடுவியே எல்வுட், அந்தக் குளம்."

இரண்டு கிழவர்களும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"ஆபீசுல தப்பாப் பாத்திருப்பாங்க" என்றார் ஐரா.

"கண்டிப்பா" என்றார் எல்வுட். "ஒரு எண் மாறினா போதும்."

"அந்தப் பறவையோட நெஞ்சு அகலம் ஞாபகம் இருக்கா? குளத்து வாத்துக்கு ஏது அந்த நெஞ்சு?"

"அதத்தான் நானும் சொல்றேன்."

அன்று மாலைவரை இரண்டு பேரும் ஒரே கட்சி. ஃபெர்ன் என்னைப் பார்த்துத் தோளைக் குலுக்கிவிட்டு இன்னொரு கிண்ணம் ஊற்றிக்கொண்டாள்.

மறுநாள் விடியும்போது கடுங்குளிர். படகு ஓரத்தில் பனிக்கட்டி ஒட்டியிருந்தது. திட்டின் தெற்கு முனையில் கார்க் வாத்துகளையும் தேவதாரு வாத்துகளையும் கலந்தே மிதக்கவிட்டோம். முறைக்கிறவற்றுக்கு நடுவே தூங்குகிறவை. எல்வுட்டும் ஐராவும் ஒரு படகில் புல்லுக்குள் படுத்திருந்தார்கள். பக்கத்துப் படகில் நான், டுவைட், எங்கள் நடுவே கம்பளியைச் சுற்றிக்கொண்டு ஃபெர்ன். அவளுக்குத் துப்பாக்கி வேண்டாம், பார்த்தால் போதும் என்றிருந்தாள்.

வெளிச்சம் வந்ததும் வடகிழக்கிலிருந்து ஒரு கூட்டம் திரும்பியது. நீல அலகு வாத்துகள். ஒரு தரம் வட்டமிட்டன. இறக்கையில் காற்று கிழிகிற சத்தம் தலைக்கு மேலே போய்த் திரும்பி வந்தது. பிறகு கால்களைத் தொங்கவிட்டுக்கொண்டு பொம்மைகளுக்கு நடுவே இறங்கின. பக்கத்தில் வரும் வாத்துக்கு முதல் குண்டு பெரியவர்களுடையது என்று முன்பே பேசி வைத்திருந்தோம். துப்பாக்கியை அணைத்துக்கொண்டு காத்திருந்தேன். பெரியவர்களின் படகில் சத்தமே இல்லை. வாத்துகள் நீந்தின, தலையை ஆட்டின, ஒரு கார்க் வாத்தைச் சந்தேகமாகப் பார்த்தன. பிறகு ஏதோ பிடிக்காமல் மொத்தமாக எழும்பிக் கடல் பக்கம் போய்விட்டன.

டுவைட் எழுந்து நின்றுவிட்டான். "ஏன் சுடல?"

"அவன் சுடுவான்னு விட்டேன்" என்றார் எல்வுட்.

"நீ சுடுவேன்னுதான் நானும் விட்டேன்" என்றார் ஐரா.

"பதினேழு வருஷம் நான்தான் சுட்டேன்னு சாதிச்சே, இப்ப எங்கிட்ட விடறியா?"

"மரியாதையா விட்டா அதுக்கும் குத்தமா?"

டுவைட் படகின் விளிம்பைக் கையால் குத்தினான். "நாளைக்கு நான்தான் முதல் குண்டு. யாரும் மரியாத பாக்க வேண்டாம்."

ஃபெர்ன் எதையும் காதில் வாங்கவில்லை. கம்பளிக்கு மேலே முகத்தை மட்டும் நீட்டி, வாத்துகள் போன திசையையே பார்த்துக்கொண்டிருந்தாள். மூக்கு சிவந்திருந்தது.

"அதுங்க திரும்பி வருமா?" என்று என்னைக் கேட்டாள்.

"சில நாள் வரும்" என்றேன்.

"அப்ப எல்லாரும் உக்காருங்க" என்றாள். "டுவைட், நீயும்தான்."

உட்கார்ந்தோம். திரும்பி வரவில்லை. ஆனால் ஒன்பது மணி வாக்கில் கருவாத்துகள் வந்தன. மத்தியானம் வீட்டுக்குள் போகும்போது எங்கள் கையில் சமைக்கப் போதுமான அளவுக்கு இருந்தது. இறகு பறிக்க ஐந்து பேரும் அடுப்பைச் சுற்றி உட்கார்ந்தோம்.